பூவனேரியில் இரண்டு நிறுத்தங்கள்

அன்பு மாப்ள இளங்கோவுக்கு,

நலமா என்று கேட்கும் வழக்கத்தை இந்தக் கடிதத்தில் விட்டுவிடுகிறேன். நீ இறந்து ஏறக்குறைய ஒரு வருடம் ஆகப்போகிறது. சுண்ணாம்புக்கல் ஏற்றிவந்த டிப்பர் லாரி உன் வண்டியைத் தட்டிவிட்டுப் போனது. அரியலூர்ப் பக்கம் அது செய்தித்தாளின் உள்பக்கத்தில் நான்கு வரி. நான் வேலை பார்க்கும் எடைமேடையில் அந்த லாரி எத்தனையோ முறை ஏறி இறங்கியிருக்கலாம். எண்ணைத் தேடிப் பார்க்கவில்லை. தேடிக் கண்டுபிடித்து யாரிடம் காட்டுவது?

உனக்கு எழுதுவதை ஊரறிய எழுதுகிறேன். நம் செயலியைப் பயன்படுத்துகிறவர்களுக்கும், அதற்கு நிரல் எழுதி அனுப்புகிறவர்களுக்கும் சில விஷயங்கள் தெரியவேண்டும். உனக்கும் தெரியவேண்டும். நீ செய்த ஒரு காரியத்தால் என்ன நடந்தது என்று உன்னிடம் இதுவரை யாரும் சொல்லியிருக்க வாய்ப்பில்லை.

படிப்பவர்களுக்காக, நமக்குத் தெரிந்ததையே ஒருமுறை சொல்கிறேன். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ரயில் ஏறவேண்டுமென்றால் அரியலூர் போகவேண்டும். அதற்கும் பஸ்தான், ஆஸ்பத்திரிக்கும் பஸ்தான், காலேஜுக்கும் பஸ்தான். எந்த டவுன் பஸ் எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்பது கண்டக்டருக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்திருந்த காலத்தில் நீ 'வண்டி எப்போ' என்ற செயலியை எழுதினாய். நெட் இல்லாமலும் நேரம் காட்டும். விளம்பரம் கிடையாது. நிரல் முழுவதும் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் திறந்து கிடந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தி அனுப்பலாம். அனுப்பியதைப் படித்து, சோதித்து, மூலத்தோடு சேர்ப்பதற்கு மெர்ஜ் என்று பெயர். அந்த வேலையைச் செய்ய ஒரே ஒரு ஆள். நீ.

எழுதி அனுப்ப ஆள் நிறைய இருந்தார்கள். அதைப் படிக்கத்தான் ஆள் இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் முரளி போன்ற நல்ல கைகாரர்கள் இரண்டு மூன்று பேர். மற்றபடி, வேலைக்கான விண்ணப்பத்தில் போட்டுக்கொள்ள ஒரு வரி வேண்டும் என்று உதவிப் பக்கத்தில் ஒரு கமாவை நகர்த்தி அனுப்பும் மாணவர்கள். இப்போதெல்லாம் இயந்திரத்திடம் எழுதி வாங்கி, தாங்களே ஒருமுறைகூடப் படிக்காமல் அனுப்புகிறவர்கள். ஒரு காலேஜில் இதற்கு மதிப்பெண் என்று சொல்லிவிட்டார்களாம். ஒரு வகுப்பே ஒரே திருத்தத்தை அனுப்பியது. அத்தனை பேருக்கும் நீ தனித்தனியாக நன்றி எழுதினாய். பகலெல்லாம் தனியார் காலேஜில் லேப் அசிஸ்டென்ட் வேலை, வீட்டுக்கு வந்தால் இது.

நீ நல்லவன் என்று எல்லோரும் சொன்னார்கள். உன் இரங்கல் கூட்டத்தை இணையத்தில் நடத்தினோம், தெரியுமா? வந்தவர்கள் எல்லோரும் நீ நேரத்தை அள்ளிக் கொடுத்ததைப் பற்றிப் பேசினார்கள். அவன் சுமந்ததில் பாதியை நான் வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் ஒலியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

உனக்கு ஒரு கெட்ட பழக்கம், இல்லை என்று சொல்லத் தெரியாது. அதைச் சமாளிக்க ஒரு நல்ல பழக்கமும் வைத்திருந்தாய். நிறுத்தம் பற்றிய திருத்தம் எது வந்தாலும், ஞாயிற்றுக்கிழமை நம்மில் ஒருவர் அந்த பஸ்ஸில் ஏறிப் போய், அந்த நிறுத்தத்தில் இறங்கிப் பார்த்த பிறகுதான் மெர்ஜ். ஒரு தடவை ரஞ்சன்குடிப் பக்கம் ஒரு நிறுத்தத்தைப் பார்க்க இறங்கினோம். அடுத்த பஸ் வரவில்லை. நம் செயலி வரும் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. வாலிகண்டபுரம் வரை வெயிலில் நடந்தோம். "நம்ம பக்கை நாமளே கண்டுபுடிச்சிட்டோம் பாரு" என்று நிரலில் இருந்த பிழையைச் சொல்லி நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செருப்பு அறுந்திருந்தது.

இனி அந்தத் தவறுக்கு வருகிறேன்.

பூவனேரிக்கு இரண்டு நிறுத்தங்கள். ஒன்று ஊருக்குள், உங்கள் தெருப் பக்கம். இன்னொன்று ஏரிக்கு இந்தப் பக்கம், எங்கள் தெருவுக்கு. பெயர்ப் பட்டியலில் முதலாவது 'பூவனேரி', இரண்டாவது 'பூவனேரி காலனி'. நம் இரண்டு மாவட்டங்களிலும் இப்படி எத்தனையோ ஊர்கள். காலனி என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து எடுக்கப்போவதாக அரசு அறிவித்தபோது, நீ ஒரே மூச்சில் உட்கார்ந்து எல்லா நிறுத்தங்களின் பெயரிலிருந்தும் அதை வெட்டினாய். எடுத்துவிட்டேன், பார்க்கவே அசிங்கமாக இருந்தது என்று எனக்குப் போன் போட்டுச் சொன்னாய். சரி, எடுத்த இடத்தில் என்ன வைக்கப்போகிறாய் என்று கேட்டேன். அப்புறம் எல்லோரிடமும் கேட்டு வைக்கலாம் என்றாய்.

வைப்பதற்குள் முரளியின் திருத்தம் வந்தது. செயலி பழைய போன்களில் திணறுகிறது என்று அவர் நிறைய உழைத்திருந்தார். ஒரே பெயரில் அருகருகே இரண்டு நிறுத்தங்கள் இருந்தால் அது தவறுதலாக இரண்டு முறை பதிவானது என்று எடுத்துக்கொண்டு, ஒன்றை நீக்கிவிடும் நிரல். மாதக்கணக்காக அது உன் வரிசையில் கிடந்தது. பார்க்க முடியாவிட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள், நான் வேறு வேலை பார்க்கிறேன் என்று அவர் வருத்தமாக எழுதினார். நீ மெர்ஜ் செய்துவிட்டாய். இது நிறுத்தம் இல்லை, வெறும் நிரல்தானே, பஸ் ஏறிப் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பாய். அந்த வாரமே நீ இல்லை.

உன்னால் பெயர் ஒன்றானது, அவரால் நிறுத்தம் ஒன்றானது. இரண்டு நல்ல காரியங்கள் சேர்ந்து, இரண்டு மாவட்டங்களில் எங்கள் ஆட்கள் ஏறும் நிறுத்தங்களைச் செயலியிலிருந்து துடைத்துவிட்டன. எங்கேயும் பிழைச் செய்தி வரவில்லை. செயலி முன்பைவிட வேகமாக ஓடியது. ஐந்து நட்சத்திரம் போட்டுப் பாராட்டினார்கள்.

எனக்கு எப்படித் தெரியவந்தது? என் தங்கை பவானியால். காலை எட்டு மணி பஸ் எங்கள் நிறுத்தத்தில் நிற்பதில்லை. நீ இருந்த காலத்திலேயே சரியாக நிற்காது. நீ போன பிறகு சுத்தமாக நிற்பதே இல்லை. காலேஜ் போகும் பிள்ளைகள் சேர்ந்து குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கப் போனார்கள். அங்கே இருந்த அதிகாரி மனுவை முழுதாகப் படிக்கவில்லை. போனை எடுத்து நம் செயலியைத் திறந்தார். "பூவனேரிக்கு ஒரே ஸ்டாப்தானேம்மா காட்டுது? அங்கதான் நிக்குதுல்ல?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர்களிடம் சொந்தப் பட்டியல் இருக்கவேண்டும். இருந்தும் நாம் ஓசியில் செய்து கொடுத்ததைத்தான் பார்க்கிறார்கள். உன் செயலி அவ்வளவு நம்பிக்கை சம்பாதித்திருக்கிறது. பெருமைப்பட்டுக்கொள்.

வீட்டுக்கு வந்த பவானி பையைப் போட்டுவிட்டு என்னிடம்தான் கேட்டாள். "ஏண்ணே, ஒங்க கூட்டாளி செஞ்சதுலயே நம்ம தெரு இல்லன்னா, வேற எதுல இருக்கும்?"

ஊர் நிறுத்தம் வரை நடந்து போனால் என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. நடக்கலாம். வழியில் கடை இருக்கிறது. கடை வாசலில் உங்கள் தெருப் பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், தெருவைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். போன வருடம் இரண்டு பெண்கள் அதற்காகவே படிப்பை நிறுத்தினார்கள். பவானியும் நிறுத்திவிடுவாள் என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி.

திருத்தம் சின்னதுதான். எங்கள் தெருவில் கேட்டு 'பூவனேரி ஏரிக்கரை' என்று பெயர் வைத்து, மற்ற ஊர்களிலும் காணாமல் போனவற்றைப் பழைய பதிவிலிருந்து மீட்டு, அனுப்பினேன். அடுத்த நொடி உன் பெயரில் பதில் வந்தது. "நன்றி நண்பரே. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பார்த்துவிட்டுச் சேர்க்கிறேன்." நீ முன்பு எழுதிவைத்த தானியங்கிப் பதில். நீ செத்ததிலிருந்து வந்த எல்லோருக்கும் அதையே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அவர்களில் சிலர் ஞாயிறுதோறும் காத்திருந்து, இந்த ஆளுக்குத் திமிர் என்று எழுதியிருந்தார்கள். அதையும் படித்தேன்.

உன் கணக்குக்குள் போகாமல் எதுவும் செய்ய முடியாது. உன் லேப்டாப்பை உன் அப்பா முன்பே என்னிடம் கொடுத்திருந்தார். கடவுச்சொல் அதில் பதிந்திருந்தது. ஆனால் உன் போன் எண்ணுக்கு ஒரு ஓடிபி வரும், அதையும் போடவேண்டும். அந்தப் போனை அவர் தன்னிடமே வைத்திருக்கிறார். மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறார். செயலியில் உன் எண்ணைப் போட்டுவைத்தாயே, இன்னும் யாராவது கூப்பிட்டு அரியலூர் வண்டி போய்விட்டதா என்று கேட்கிறார்கள். அவர் சலித்துக்கொள்ளாமல் பதில் சொல்கிறார். உன்னைக் கேட்டு வரும் குரல்கள் என்பதால் இருக்கும்.

நான் போன் செய்தேன். உன் அப்பாவை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. 'ங்க' போட்டே சமாளிப்பேன். இளங்கோ வேலை ஒன்று பாக்கி நிற்கிறது, ஒரு நம்பர் வரும், படித்துச் சொல்லவேண்டும் என்றேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். நம்பர் வந்தது.

"நாலு... ஏழு... ஒண்ணு..." என்று படித்தவர் நிறுத்தினார். "ஆமா, என்னத்த மாத்தப் போற தம்பி?"

பொய் சொல்லியிருக்கலாம். பெரம்பலூரிலிருந்து நமக்கு உதவும் ஷமீமா, பஸ் நேரம் மாற்றவேண்டும் என்று மட்டும் சொல்லு, வேறு ஒன்றும் பேசாதே என்று முன்பே சொல்லியிருந்தாள். ஆனால் எனக்குக் கோபம் வந்தது. எங்கள் நிறுத்தம் எங்களுடையது. அதை உன் அப்பாவை ஏமாற்றித்தான் வாங்கவேண்டுமா? சொன்னேன். எங்கள் தெரு நிறுத்தம் விட்டுப்போயிருக்கிறது, அதைத் திரும்பப் போடப்போகிறேன் என்று.

ஓடிக்கொண்டிருந்த டிவியை நிறுத்தினார்.

"பஸ்சு எங்க நிக்கணுங்கறது ஊர்ல பேசி முடிவு பண்ணது தம்பி. அத நீ போன்ல மாத்தாத."

"இளங்கோ இருந்தா போட்டிருப்பாங்க."

"அவன் இல்லல்ல" என்றார். வைத்துவிட்டார். மீதி மூன்று எண்கள் அவர் கையிலேயே காலாவதியாகின.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது மாப்ள. ஏன் இன்னொருவருக்கு அந்த உரிமையைக் கொடுக்கவில்லை? கேட்டபோதெல்லாம், அவர்களுக்கு எதற்குச் சுமை என்றாய். சுமையை நீ மட்டும் வைத்துக்கொண்டது அன்பு என்று நினைத்தாய். அதோடு சாவியும் உன்னிடமே தங்கிவிட்டது. நீ போனதும் அது வாரிசுச் சொத்தாகி உன் அப்பா கைக்குப் போனது. ஊரில் நிலமும் கோயிலும் குளமும் எப்படிக் கைமாறுகின்றனவோ அப்படியே. இது உனக்குத் தோன்றவேயில்லையா?

ஆனால் ஒன்றைச் சரியாகச் செய்திருந்தாய். யாரும் இந்த நிரலை எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், தனியாக நடத்தலாம், அனுமதி கேட்கத் தேவையில்லை என்ற உரிமத்தை முதல் நாளே அதில் வைத்திருந்தாய். நானும் ஷமீமாவும் அப்படியே நகலெடுத்தோம். உன் அப்பாவிடம் இருந்தது ஒரு கதவின் சாவி. நீ சுவரே கட்டாமல் போயிருந்தாய்.

நகலெடுப்பது சுலபம். ஆட்களைக் கூட்டி வருவதுதான் கஷ்டம். ஒரு நிறுத்தத்துக்காகத் திட்டத்தை இரண்டாக உடைக்கிறீர்களே, சாதியை ஏன் இதற்குள் கொண்டுவருகிறீர்கள் என்று எழுதினார்கள். நாங்கள் கொண்டுவந்தோமாம். அதுவரை அது இல்லாமல் இருந்ததாம். புதிதாகத் தொடங்கியதற்கு 'அடுத்த வண்டி' என்று பெயர் வைத்தோம். "பேரு வச்சாச்சு, இனி வண்டிய யாருடா தள்றது?" என்றாள் ஷமீமா. முதல் மாதம் நாங்கள் இரண்டு பேர்தான்.

முரளி வரவில்லை என்றால் எங்களால் முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவர் காயப்பட்டிருந்தார். தன் நிரலில் பிழை இல்லை, தரவில்தான் பிழை என்றார். அது உண்மையும்கூட. போனில் பேசினோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் அவர் ஒரு பொறியாளரின் கேள்வியைக் கேட்டார். "அந்த ரெண்டு ஸ்டாப்புக்கும் எவ்ளோ தூரம் இருக்கும் கதிர்?"

"நடந்தா அஞ்சு நிமிஷங்க. நடக்க விட்டா."

அந்த வாரக் கடைசியில் அவரே தன் நிரலைத் திருத்தி அனுப்பினார். அருகருகே ஒரே பெயரில் இரண்டு நிறுத்தங்கள் இருந்தால் இனி நிரல் முடிவெடுக்காது. ஆளிடம் கேட்கும், ஆள் போய்ப் பார்க்கவேண்டும். நல்ல நிரல். ஷமீமா வரி வரியாகப் படித்து இரண்டு இடத்தில் குறை சொன்னாள். அவர் திருத்தினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பழைய போனோடு பஸ் ஏறினேன். எங்கள் நிறுத்தம் வந்தபோது திரையில் 'பூவனேரி ஏரிக்கரை' என்று காட்டியது. பஸ் நிற்காமல் போனது. கண்டக்டரிடம் காட்டினேன். போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விசில் கொடுத்தார். கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. இறங்கித் திரும்பி நடந்துவந்து மெர்ஜ் செய்தேன்.

பிள்ளைகள் மறுபடியும் மனு கொடுத்தார்கள். அந்த அதிகாரி மறுபடியும் போனைத்தான் எடுத்தார். இந்த முறை பவானி தன் போனை நீட்டிப் புதுச் செயலியைக் காட்டினாள். டிப்போவுக்கு எழுதுகிறேன் என்றார். எழுதியிருக்கிறார் போலிருக்கிறது. இப்போது காலையில் நிற்கிறது. சாயங்காலம் நல்ல டிரைவராக வாய்த்தால் நிற்கிறது. வெற்றி என்று இதை நான் சொல்ல மாட்டேன். பவானி காலேஜ் போய்க்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

போன மாதம் உன் எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. திரையில் உன் பெயரைப் பார்த்ததும் எடைமேடையில் நின்ற லாரியை அப்படியே நிற்கவைத்துவிட்டு வெளியே போய் எடுத்தேன். உன் அப்பா. பழைய செயலியில் நேரமெல்லாம் தப்புத் தப்பாகக் காட்டுகிறதாம். கூப்பிடுகிறவர்களுக்கு அதைப் பார்த்துச் சொல்லப்போய் ஒருத்தர் ரயிலை விட்டுவிட்டாராம்.

"புதுசா ஏதோ போட்டிருக்கியாமே. அத எப்புடி எறக்கறது?"

அவரிடம் எதையும் மறைக்க நான் விரும்பவில்லை. "எறக்கலாங்க. ஆனா அதுல எங்க ஸ்டாப் இருக்குங்க" என்றேன்.

"இருந்துட்டுப் போவுது" என்றார். "நேரம் சரியா இருக்கா?"

"சரியா இருக்குங்க."

எதை அழுத்தவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி இறக்கவைத்தேன். அவர் மனம் மாறிவிட்டதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. நீயும் எடுத்துக்கொள்ளாதே. அவருக்கு நேரம் வேண்டும், எங்களுக்கு நிறுத்தம் வேண்டும், இரண்டும் ஒரே செயலியில் இருக்கின்றன. இப்போது யாராவது ஏரிக்கரை நிறுத்தத்துக்கு வண்டி எப்போது என்று கேட்டாலும் அவர் அதைப் பார்த்துத்தான் சொல்லியாக வேண்டும்.

உன் பழைய பக்கத்தில் அந்தத் தானியங்கிப் பதில் இன்னும் ஓடுகிறது. அதை நிறுத்த எங்களுக்கு வழியில்லை. அங்கே காத்திருந்தவர்களைத் தேடி ஷமீமா ஒவ்வொருவருக்கும் எழுதினாள், அவர் இறந்துவிட்டார், உங்கள் திருத்தத்தை நாங்கள் படிக்கிறோம் என்று. பாதிப் பேர் வந்துவிட்டார்கள். திமிர் என்று எழுதியவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இனி வாரம் ஒரு திருத்தத்தைத் தானும் படித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எத்தனை வாரத்துக்கு என்று பார்க்கவேண்டும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். மெர்ஜ் செய்யும் உரிமை இப்போது மூன்று பேரிடம் இருக்கிறது. முரளி, ஷமீமா, நான். அடுத்த வருடம் பவானியின் வகுப்பிலிருந்து இரண்டு பேர். தன் திருத்தத்தைத் தானே யாரும் சேர்க்கக்கூடாது. நிறுத்தத்தைத் தொடும் எதுவும், அது வெறும் நிரல்தானே என்று தோன்றினாலும், ஒருவர் அங்கே இறங்கிப் பார்க்காமல் உள்ளே வராது. படிக்க நேரமில்லை என்றால் நேரமில்லை என்று அன்றே சொல்லிவிடுவோம். நாளைக்கு என்மேல் ஒரு டிப்பர் ஏறினாலும், யாரும் யாருடைய அப்பாவிடமும் போய் எண்ணுக்காக நிற்க வேண்டியிருக்காது.

உன் மச்சான்,
கதிர்
பூவனேரி ஏரிக்கரை